கார்ப்பெட் கழுவும் தொழிலுக்குப் பயிற்சி வகுப்பு தேவையா? இரண்டு நாள் சி.சி.ரி. பாடநெறி பற்றிய மதிப்பீடு

ஒன்ராறியோவில் ஒருவர் மின்னிணைப்பாளராக வேலை செய்ய வேண்டுமானால், 309ஏ என்ற பிரிவில் பதிவு செய்து, 9,000 மணி நேரத் தொழில் பழகுதலை முடித்து, தேர்வு எழுதித் தேற வேண்டும். கார்ப்பெட் கழுவும் தொழிலுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு வான் வண்டியும், இரண்டாம் கையாக வாங்கிய ஓர் உறிஞ்சும் இயந்திரமும், அச்சடித்த நூறு அட்டைகளும் இருந்தால் நாளைக் காலையே ஸ்காபரோவிலோ மார்க்கம் நகரிலோ தொழிலைத் தொடங்கிவிடலாம். கட்டாயம் இல்லாத ஒரு தொழிலுக்குப் பணம் கட்டிப் படிக்க வேண்டுமா என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது. வானில் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்து, சில காலம் கழித்துக் கார்ப்பெட் சுத்திகரிப்புத் தொழில்நுட்பவியலாளருக்கான இரண்டு நாள் வகுப்புக்குப் போனவன் என்ற முறையில் அதற்கு விடை சொல்ல முயல்கிறேன். வகுப்பை நடத்திய பயிற்சி நிலையத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை, ஏனென்றால் பாடத்திட்டம் எல்லா நிலையங்களுக்கும் பொதுவானது.

அந்தப் பாடத்திட்டம், சுத்திகரிப்புத் தொழிலாளர்களுக்குச் சான்றளிக்கும் ஐ.ஐ.சி.ஆர்.சி. என்ற அமைப்புக்குரியது. 1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு தானே வகுப்பு நடத்துவதில்லை. அது அங்கீகரித்த நிலையங்களும் பயிற்றுநர்களும் கற்பிக்கிறார்கள். தேர்வும் சான்றிதழ் வழங்குவதும் அமைப்பின் பொறுப்பு. சி.சி.ரி. எனச் சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தப் பாடநெறி 14 மணி நேரம் கொண்டது, தேர்வில் 75 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. வகுப்புக் கட்டணம் நிலையத்துக்கும், தேர்வுக் கட்டணம் அமைப்புக்கும் தனித்தனியாகப் போகிறது என்பதைப் பலர் விளம்பரத்தில் கவனிப்பதில்லை. இரண்டையும் சேர்த்தால் பல நூறு டொலர் ஆகும். 2024 ஒக்ரோபரில் ஒன்ராறியோவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.20 டொலராக உயர்ந்தது. அந்தக் கணக்கில் 40 மணி நேர வாரத்துக்கு வரிக்கு முன் 688 டொலர் வருகிறது. ஆகவே ஒரு புதிய உதவியாளர் ஏறக்குறைய ஒரு வாரச் சம்பளத்தை இந்த வகுப்புக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அதோடும் முடிவதில்லை: சான்றிதழை உயிருடன் வைத்திருக்க ஆண்டுதோறும் புதுப்பித்தல் கட்டணம் உண்டு, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர்கல்வி நேரத்தையும் காட்ட வேண்டும்.

சான்றிதழ் தொழிலாளியின் பெயரில் வருகிறதே தவிர நிறுவனத்தின் பெயரில் அல்ல. வேலை மாறினால் அது அவருடன் போகும். 'சான்று பெற்ற நிறுவனம்' என்பது வேறொரு பதிவு. அதற்குத் தனிக் கட்டணமும், காப்புறுதியும், சான்று பெற்ற தொழிலாளர்களும் இருக்க வேண்டும். ஒரு தொழிலாளி படித்துவிட்டார் என்பதற்காக வானின் பக்கவாட்டில் அந்தச் சின்னத்தை ஒட்டிவிட முடியாது.

நான் போன வகுப்பு இரசாயனப் பொருள்கள் விற்கும் ஒரு களஞ்சியத்தின் பின்பக்கத்தில் நடந்தது. முதல் நாளின் பெரும்பகுதி நார்களைப் பற்றியது. பயிற்றுநர் ஒவ்வொரு மேசைக்கும் நான்கைந்து கார்ப்பெட் துண்டுகளையும், ஒரு சாமணத்தையும், ஒரு லைட்டரையும், தண்ணீர் நிறைந்த ஒரு பிளாஸ்ரிக் கோப்பையையும் வைத்தார். துண்டின் ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிடுங்கிச் சுடரில் காட்டச் சொன்னார். கம்பளி இழை முடி கருகும் வாடையை எழுப்பி, சுடரை விலக்கியதும் தானே அணைந்தது. சாம்பல் விரலில் பொடியானது. நைலோன் உருகிக் கடினமான ஒரு மணியாகச் சுருண்டது. பொலிபுரொபிலீன் மெழுகுவர்த்தி அணைந்த வாடையைத் தந்தது. சந்தேகமான இழையைக் கோப்பையில் போட்டு அமுக்கினால், பொலிபுரொபிலீன் மட்டும் மேலே வந்து மிதக்கும், ஏனெனில் அதன் அடர்த்தி தண்ணீரை விடக் குறைவு. நைலோனும் பொலியெஸ்டரும் அடியில் போய்விடும். வானில் வேலை செய்த காலம் முழுவதும் எல்லாவற்றையும் 'கார்ப்பெட்' என்ற ஒரே பெயரால் அழைத்துவந்த எங்களுக்கு, அந்த மேசையில் கழிந்த ஒன்றரை மணி நேரம் கட்டணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இது ஆய்வுகூட விளையாட்டு அல்ல. பொலிபுரொபிலீன் தண்ணீரை உறிஞ்சாது, சாயக் கறையும் அதில் எளிதில் ஏறாது. ஆனால் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும், நடைபாதையில் அமுங்கினால் மீண்டும் நிமிராது. அப்படி அமுங்கிய இடத்தை அழுக்கென்று நினைத்து மேலும் மேலும் கழுவும் தொழிலாளி நேரத்தை வீணாக்குகிறார், வாடிக்கையாளரும் மனம் நிறையாமலே போகிறார். நைலோன் நன்றாக நிமிரும், ஆனால் குளிர்பானத்தின் சிவப்புச் சாயத்தை ஈர்த்துக்கொள்ளும். 1986ஆம் ஆண்டு டூபொன்ட் நிறுவனம் ஸ்ரெயின்மாஸ்ரர் என்ற பெயரில் கறை தடுக்கும் நைலோன் கார்ப்பெட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அந்தக் குறைக்கு மருந்து போட்டது. அத்தகைய கார்ப்பெட்டின் மேல் மிகக் காரமான சலவைத் திரவத்தைத் தெளிப்பது அந்த மருந்தைக் கெடுத்துவிடும். 2009ஆம் ஆண்டு அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் தனிப்பெயர் கொடுத்த ட்ரையெக்ஸ்ரா என்ற நார் இப்போது பல புதிய வீடுகளில் இருக்கிறது. இவற்றைப் பார்வையால் மட்டும் பிரித்தறிய முடியாது.

இரண்டாவது பயனுள்ள பகுதி இரசாயனம். பி.எச். அளவில் ஒரு படி ஏறினால் காரத்தன்மை பத்து மடங்காகிறது, எனவே 8 உள்ள திரவத்துக்கும் 10 உள்ள திரவத்துக்கும் இடையில் நூறு மடங்கு வேறுபாடு என்பதைப் பயிற்றுநர் சொன்னபோது, எனக்கு அருகில் இருந்த, இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர், அதுவரை வானில் கண்ணளவில் ஊற்றிக் கலந்ததையெல்லாம் நினைத்தோ என்னவோ, தலையில் கைவைத்தார். கம்பளிக்கு 8.5ஐத் தாண்டக் கூடாது. எண்ணெய் பிடித்த உணவகக் கார்ப்பெட்டுக்குப் போடும் முன்தெளிப்பு, அதாவது கழுவும் முன் தெளிக்கும் திரவம், 10ஐத் தாண்டும். இரண்டும் ஒரே வானில், ஒரே நிறக் கான்களில் இருப்பதுதான் பெரும்பாலான நிறுவனங்களின் நடைமுறை. சுத்திகரிப்பு என்பது இரசாயனம், வெப்பம், தேய்ப்பு, நேரம் ஆகிய நான்கும் சேர்ந்த வேலை, ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும் என்ற பாடமும் இங்கேதான் வருகிறது. முன்தெளிப்பு போட்டு பத்து நிமிடம் காத்திருக்க முதலாளி விடமாட்டார் என்றால், அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாகக் கைதான் உழைக்க வேண்டும். கார்ப்பெட்டில் இருக்கும் அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த துகள். அதை நனைக்கும் முன்பே வக்கியூம் பிடித்து எடுத்துவிட வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்த, ஆனால் வானில் யாரும் செய்யாத காரியம்.

படித்ததன் பயன் கழுவுவதில் தெரிவதைக் காட்டிலும், கழுவ மறுப்பதில் கூடுதலாகத் தெரிகிறது. வகுப்பு முடிந்த பின்னர், மோர்ணிங்சைட் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். வரவேற்பறையில் பளபளவென்று வெள்ளி நிறத்தில் ஒரு விரிப்பு.

"தம்பி, இது பட்டு. கடையில அப்பிடித்தான் சொன்னவை. போன முறை வந்த பெடியன் நல்லாத்தான் கழுவினவன், காய்ஞ்சாப் பிறகு பாத்தா இந்தப் பக்கம் மஞ்சளாப் போச்சு."

விளிம்பிலிருந்து ஓர் இழையை எடுத்துப் பின்முற்றத்தில் கொளுத்தினேன். முடி வாடை இல்லை. காகிதம் எரியும் வாடைதான் வந்தது.

"அன்ரி, இது பட்டு இல்லை, விஸ்கோஸ். தண்ணி கூடப் பட்டா மஞ்சளாகும், பளபளப்பும் போயிடும். நான் இதுக்குச் சுடுதண்ணி மெசின் போடமாட்டன். குறைஞ்ச ஈரத்தில கையாலதான் செய்யலாம், அதுவும் முழுசா வெளிக்கும் எண்டு சொல்லமாட்டன்."

அன்று அந்த விரிப்புக்கான பணம் கிடைக்கவில்லை. மாடிப்படிக்கும் இரண்டு அறைக்கும் கிடைத்தது. விஸ்கோஸ் மரக்கூழிலிருந்து செய்யப்படும் செல்லுலோஸ் நார் என்பதும், நனைந்தால் அது வலுவிழந்து பழுப்பேறும் என்பதும் தெரியாமல் இருந்திருந்தால், முன்னவர் செய்ததையே நானும் செய்து, விரிப்பின் விலையையும் சுமந்திருப்பேன். அப்படிப்பட்ட ஒரேயொரு விரிப்பின் விலை இந்த வகுப்பின் கட்டணத்தை விடப் பல மடங்கு இருக்கக்கூடும்.

இவ்வளவு சொன்ன பிறகு, குறைகளையும் அதே நேர்மையுடன் சொல்ல வேண்டும். முதலாவது, கை பழகுவதற்கு இந்த வகுப்பில் இடமே இல்லை என்று சொல்லலாம். இரண்டு நாளில் ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள்தான் உறிஞ்சுகுழலைப் பிடிக்கக் கிடைத்தது. தண்ணீர் விட்டபடி ஓர் இழுவை, விடாமல் இரண்டு உலர் இழுவை, அடுத்த பட்டி முந்தையதன் ஓரத்தில் சிறிது ஏறி வருவது ஆகியவை புத்தகத்தில் படித்து வருவன அல்ல. உலர் இழுவை குறைந்தால் அடித்தளத்தில் தங்கிய ஈரம் காயும்போது கறையை மேலே இழுத்து வரும். மறுநாள் காலை வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்பும் வரும். இதை வானில்தான் கற்க முடியும், ஒரு நல்ல மூத்த தொழிலாளியின் கீழ் சில மாதங்கள் வேலை செய்தால் கற்றுவிடலாம்.

இரண்டாவது குறை எங்கள் ஊருக்கே உரியது. வகுப்பின் செய்முறைகள் எல்லாம் வானில் பொருத்திய பெரிய இயந்திரத்தை மனத்தில் வைத்தவை. ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வேலையின் கணிசமான பகுதி அடுக்குமாடிகளில் இருக்கிறது. பதினேழாம் மாடிக்கு வானிலிருந்து குழாய் போகாது. கையால் தள்ளிச் செல்லும் இயந்திரம்தான் போகும். அதற்குப் பெரும்பாலும் இரண்டு மின்கம்பிகள். இரண்டையும் ஒரே மின்சுற்றில் செருகினால் 15 அம்பியர் பிரேக்கர் விழுந்து, வீடு இருண்டு, வேலையும் நின்றுவிடும். சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று வெவ்வேறு சுற்றுகளைத் தேடிப் பிடிப்பது, சேவை லிப்டை முன்கூட்டியே பதிவு செய்வது, அழுக்குத் தண்ணீரை எங்கே ஊற்றலாம் என்று கட்டட மேலாளரிடம் கேட்பது போன்றவற்றில் ஒரு வரி கூட வகுப்பில் வரவில்லை. மார்கழி மாதத்து வேலையும் அப்படித்தான். வாசல் பக்கத்துக் கார்ப்பெட்டில் வெள்ளைப் படலமாகப் படியும் உப்பைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. ஆனால் கல்சியம் குளோரைட்டு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து அந்த இடத்தைப் பிசுபிசுப்பாக வைத்திருக்கும் என்பதையும், உலர்ந்த உப்பை முதலில் வக்கியூமில் எடுத்துவிட்டுப் பிறகே மென்மையான அமிலக் கழுவல் போட வேண்டும் என்பதையும் நான் வானில் கூட வந்த ஒரு அண்ணரிடம்தான் தெரிந்துகொண்டேன். கனடாவில் நடக்கும் வகுப்பு கனடாவின் ஐந்து மாதக் குளிருக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கக் கூடாதா?

மூன்றாவது, விற்பனை. களஞ்சியத்தில் வகுப்பு நடந்தால் களஞ்சியத்துப் பொருள்கள்தான் உதாரணமாக வரும். முன்தெளிப்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு குறிப்பிட்ட கானின் பெயர் வந்தது. மதிய இடைவேளையில் கழிவு விலைத் தாள் கையில் வந்தது. பயிற்றுநர் கெட்டிக்காரர், பாடத்தை மறைக்கவில்லை. ஆனால் புதிதாக வந்த ஒருவருக்கு எது வேதியியல், எது வியாபாரம் என்று பிரித்தறிவது கடினம். விலை நிர்ணயம் பற்றியோ, மூன்று அறைக்கு நம்ப முடியாத விலை என்று விளம்பரம் போட்டு வீட்டுக்குள் வந்தபின் விலையை ஏற்றும் கூட்டத்தோடு எப்படிப் போட்டி போடுவது என்பது பற்றியோ எதுவும் இல்லை. அது தொழில்நுட்பப் பாடம் அல்ல என்று சொல்லலாம். ஆனால் சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவர் இதை முன்பே தெரிந்துகொள்ளட்டும்.

இணையவழி நேரடி வகுப்பும் இப்போது கிடைக்கிறது. பயணச் செலவு மிச்சம், தேர்வும் அதேதான். நார் கருகும் வாடை திரையில் வராது என்பதால் முதல் வகுப்புக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொடர்கல்வி நேரத்தை நிரப்ப அது போதும். மொழியும் ஒரு தடைதான். வகுப்பும் தேர்வும் ஆங்கிலத்தில். நாற்பது வயதுக்கு மேல் இங்கே வந்து, கையால் எல்லாம் அறிந்த பலர் பல்தேர்வு வினாக்களுக்கு அஞ்சியே இதைத் தவிர்க்கிறார்கள். அவர்களுக்கு என் ஆலோசனை, கையேட்டை முன்கூட்டியே கேட்டு வாங்கி, நார்கள், பி.எச்., கறை வகைகள் ஆகிய அதிகாரங்களை வகுப்புக்கு முன்பே ஒருமுறை படித்துவிடுவது. வினாக்கள் தந்திரமானவை அல்ல.

தனியார் தொழிற்கல்லூரிகள் நடத்தும் நீண்ட பாடநெறிகள் பற்றியும் கேட்கிறார்கள். ஒன்ராறியோவில் அத்தகைய கல்லூரிகள் மாகாண அரசின் அனுமதி பெற்றிருக்க வேண்டும், அதை முதலில் சரிபார்க்க வேண்டும். அனுமதி இருந்தாலும், கட்டாயச் சான்று கேட்காத ஒரு தொழிலுக்காக ஆயிரக்கணக்கான டொலரும் பல மாதங்களும் செலவிடுவதை நான் ஏற்கமாட்டேன். அந்த மாதங்களை வானில் சம்பளத்துடன் கழிக்கலாம். இரசாயனப் பொருள்களின் ஆபத்துக் குறியீடுகள் பற்றிய டபிள்யூ.எச்.எம்.ஐ.எஸ். பயிற்சியைத் தனியே விலை போட்டு விற்பவர்களிடமும் அவதானமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதை வழங்குவது உங்களை வேலைக்கு வைத்திருப்பவரின் சட்டக் கடமை.

எதிர்காலம் பற்றி ஒரு சொல். புதிய வீடுகளில் கார்ப்பெட் குறைந்து, மரத்தளமும் வைனில் பலகையும் கூடிவருகின்றன என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர் எவரும் மறுக்கமாட்டார். கார்ப்பெட் உற்பத்தியாளர்கள் சிலர் உத்தரவாதம் செல்லுபடியாக, குறிப்பிட்ட இடைவெளியில் தொழில்முறைச் சுத்திகரிப்பு நடந்ததற்கான பற்றுச்சீட்டைக் கேட்பதுண்டு. ஜோர்ஜியா மாநிலத்து டோல்ரனில் இயங்கும் கார்ப்பெட் உற்பத்தியாளர் சங்கமும் 12 முதல் 18 மாதத்துக்கு ஒருமுறை கழுவச் சொல்கிறது. அது ஓரளவு வேலை தரும். ஆனால் சி.சி.ரி.யோடு நின்றுவிடுபவரின் வருமானம் ஓர் எல்லைக்கு மேல் ஏறுவதை நான் பார்க்கவில்லை. ஏறுபவர்கள் தளபாடத் துணி சுத்திகரிப்பையும், குறிப்பாக நீர்ச்சேத மீட்புக்கான மூன்று நாள் பாடநெறியையும் சேர்த்துப் படித்தவர்கள். 2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் ஒரே மாலையில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தது. 2024 ஜூலை 16ஆம் திகதி ஏறக்குறைய 98 மில்லிமீற்றர். அந்த நாள்களில் நிலக்கீழ் அறைகளில் நின்ற தண்ணீர் சுத்தமானதா, சாக்கடை கலந்ததா, எந்தக் கார்ப்பெட்டைக் காயவைக்கலாம், எதை வெட்டி எறிய வேண்டும் என்று தீர்மானிக்கத் தெரிந்தவர்களைத்தான் காப்புறுதி நிறுவனங்களின் வேலை தேடி வந்தது. சி.சி.ரி. அந்த வேலைக்குப் போதாது. ஆனால் நாரையும் அடித்தளத்தையும் அறியாதவருக்கு அடுத்த பாடம் ஏறாது.

என் தீர்ப்பு இது. இன்னும் உறிஞ்சுகுழலைப் பிடிக்காத ஒருவர் இந்த வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். வேலை தேடும்போது சான்றிதழைவிடச் சாரதி அனுமதிப்பத்திரத்தைத்தான் முதலில் கேட்பார்கள். ஆறு மாதமாவது வானில் நின்றவருக்கு இது கொடுத்த காசுக்குப் பெறுமதியானது, ஏனென்றால் கேட்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் தான் பார்த்த ஒரு வீடு நினைவுக்கு வரும். சொந்தத் தொழில் தொடங்கப் போகிறவர் இதை ஒரு செலவாகவே எண்ணக் கூடாது. கட்டுவதற்கு முன் நிலையத்திடம் கேட்க வேண்டியவை சில உண்டு: தேர்வுக் கட்டணம் விலையில் அடங்குமா, எத்தனை பேருக்கு எத்தனை இயந்திரம், அவற்றில் கையால் தள்ளும் இயந்திரம் இருக்கிறதா, தேர்வில் தவறினால் மறுபடி எழுத எவ்வளவு. முதலாளி கட்டுகிறார் என்றால் மிக நல்லது. ஆனால் ஓராண்டுக்குள் வேலையை விட்டால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி கடிதத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும், அப்படி இருந்தால் புதுப்பித்தல் கட்டணத்தை யார் கட்டுவது என்பதையும் அதே தாளில் எழுதிக் கேட்டுவிட வேண்டும்.